சத்தம் நின்றுபோன கார்

என் கொழுந்தன் வீரய்யாவிடம் பழுது பார்க்கக் கொடுத்த சாமான் எதுவும் பழைய எடையில் திரும்பி வந்ததில்லை. குடைக்கம்பி ஒடிந்துவிட்டது என்று கொடுத்தேன். கடப்பாரையை விரித்துப் பிடித்தது போல ஒரு குடை வந்தது. சந்தைக்குப் பிடித்துக்கொண்டு போனால் தோள் கழன்றுவிடும். லயத்து வரிசை வீட்டில் எங்கள் காம்பராக் கதவுக்கு அவன் அடித்துப் போட்ட தாழ்ப்பாளைப் பார்த்து கணக்கப்பிள்ளை, "உள்ள யானையக் கட்டி வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஆடிக் காற்றில் தாழ்ப்பாள் இம்மி அசையவில்லை. கதவுதான் நிலையோடு பெயர்ந்து அடுப்படியில் வந்து விழுந்தது. "பாத்தீங்களா மதினி, தாப்பாளு நின்னுச்சு" என்றான். அவனை என்ன செய்வது?

அந்தக் கையால்தான் எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் தொரையின் சிவப்புக் காருக்கு முன்கால், அதாவது முன்சக்கரத்தைத் தாங்குகிற பாகம், கட்டினான். அந்தக் காரை ஓட்டியவர் என் புருஷன். பெயர் அழகன், இந்த வயதில் நான் பெயரைச் சொன்னால் யாரும் கோபிக்க மாட்டார்கள். வீரய்யாவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தாலும் எனக்கு அந்தக் காலம்தான் முன்னால் வந்து நிற்கிறது. காரை எடுத்துக்கொண்டு போன மனுஷன் முழு உடம்போடு திரும்பி வருவாரா என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லாத காலம் அது.

டயகமவுக்குப் போகிற பாதையில், மேட்டில் இருக்கிறது எங்கள் கல்லுமலைத் தோட்டம். மாமனார் இஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு தள்ளியவர். அவருக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் வாயைத் திறக்க மாட்டார். இளையவன் வாயை மூட மாட்டான். வீரய்யாவுக்கு மீசை அரும்பிய வருஷம் நாடு சுதந்திரம் அடைந்தது. அந்த வருஷம் முடிவதற்குள் கடல் தாண்டித் தோட்டத்துக்கு வந்த எங்கள் ஆட்களுக்கு இது நாடில்லை என்று சட்டமும் வந்தது. பெரியவர்கள் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் கூடிக் கூடிப் பேசினார்கள். இவன் மட்டும் கொழுந்து அரைக்கிற ரோலருக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு, எந்தப் பல்சக்கரம் எதைச் சுற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தானாம். "எங்க போகச் சொன்னாலும் அங்கயும் ஒரு மிஷின் இருக்குமில்ல?" என்பதுதான் அவன் சொன்ன பதில்.

கல்யாண வயது வருவதற்குள் இஸ்டோர் மிஷின்கள் எல்லாம் அவன் பொறுப்புக்கு வந்துவிட்டன. கைவேலைக்காரர்களைச் சிங்கள ஆட்கள் 'பாஸ்' என்று கூப்பிடுவதைப் பார்த்து எங்கள் ஆட்களும் 'வீரய்யா பாசு' என்றார்கள். அதற்குப் பிறகு அவனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தோட்டத்தில் தனக்கு மேலே தொரை ஒருவர்தான் என்று நினைப்பு. அதுவும் சம்பளத்தில் மட்டும். ஆனால் வேலையில் ஏய்க்க மாட்டான். ரோலர் நின்றுபோனால் சோறு தண்ணி இல்லாமல் அதன் அடியிலேயே கிடப்பான். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாக்கண்ணுவைக் கட்டிக்கொண்டான். அங்கே தொட்டில் கொக்கிகளைப் பழுது பார்க்கப் போய்த்தான் அந்தப் பழக்கம் ஏற்பட்டது. அந்தக் கொக்கிகளில் இன்றைக்கும் ஓர் எருமையைத் தொங்கவிடலாம்.

சிவப்புக் கார், புதிதாக வந்த கார்வெல் தொரை சீமையிலிருந்து கப்பலில் கூடவே கொண்டுவந்தது. இரண்டே சீட்டு, துணிக் கூரை. தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். உட்கார்ந்தால் எழுப்பிவிட ஆள் வேண்டும் என்று கொழுந்து எடுக்கிற பெண்கள் நாங்கள் சிரிப்போம். தொரை தானே ஓட்டுவார். கிளப்பில் தண்ணி போட்ட நாளிலும், கொழும்பிலிருந்து ரயிலில் வந்து நானுஓயாவில் இறங்குகிற நாளிலும் என் புருஷன் ஓட்டுவார்.

எங்கள் பாதை கொழுந்து லொறிக்காகப் போட்ட பாதை. குழி, கல், மழைத் தண்ணீர் அறுத்த வாய்க்கால். ஒரு நாள் தொரையை ஏற்றிக்கொண்டு என் புருஷன் இஸ்டோர் வாசலில் மெதுவாகத் திரும்பும்போது முன்சக்கரம் ஒன்று, முட்டி மடங்கின மாடு போல உள்ளே மடிந்து படுத்துவிட்டது. சக்கரத்தைப் பிடித்திருக்கிற கீழ்க்கை இற்று முறிந்துபோயிருந்தது. தொரை இறங்கி வந்து சிரித்தாராம். என் புருஷன் வீட்டுக்கு வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "இதே எடம் கீழ் வளைவா இருந்திருந்தா…" என்றார். கீழ் வளைவில் பாதைக்கு ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. அன்றைக்குப் புகுந்த பயம் பிறகு என்னை விடவே இல்லை.

காரை லொறியில் ஏற்றி ஹட்டனுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கராஜ் வைத்திருந்த சூசைரட்ணம் எதற்கும் முகத்தைச் சுளிக்கிற மனுஷர். காருக்கு அடியில் வெகுநேரம் கிடந்துவிட்டு எழுந்து வந்து, தொரைக்கு மூன்று வழி இருக்கிறது என்றார்.

"ஒண்ணு, சீமையில இருந்தே அந்தக் கைய வரவழைக்கிறது. இப்ப சாமான் எறக்க கவுருமெண்டு கட்டுப்பாடு போட்டிருக்கு. பெர்மிட்டு கெடச்சு கப்பல் வந்து சேர்றதுக்குள்ள ஏப்ரல் சீசன் பந்தயமே முடிஞ்சிரும். ரெண்டு, இந்த வண்டியோட அண்ணன் வண்டி, பெரிய காரு, கண்டியில ஒடச்சுப் போட்டிருக்காங்க. அதுல உள்ள கை தடிமன். கொஞ்சம் அறுத்தாப் பொருந்தும். வண்டி பழையபடி ஓடும், பந்தயத்துக்கு ஆகாது. மூணாவதும் ஒண்ணு இருக்கு, அத நான் செய்ய மாட்டேன்."

"என்னங்க அது?" என்று கூடப் போயிருந்த வீரய்யா கேட்டான். கேட்டிருக்கக் கூடாது.

மூன்றாவது வழி இதுதான். பழைய ஸ்பிரிங்கையும், குலுக்கலை அடக்குகிற பழங்காலத்து ஷொக்கையும் கழற்றி எறிந்துவிட வேண்டும். லொறிக்கு வருகிற குழாய் ஷொக்கை நட்டுக்குத்தாக நிறுத்தி, அதைச் சுற்றித் தடித்த ஸ்பிரிங் போட வேண்டும். இரண்டும் மேலே போய் முட்டுவதற்கு வண்டியின் அடிச்சட்டமான செசியில் பக்கத்துக்கு ஒரு பிரெக்கட் தகடு புதிதாக ஒட்ட வேண்டும். அப்போது வளைவில் கார் சாயாது, பாம்பு போலப் போகும். ஆனால் வண்டியின் கனம் அத்தனையும் அந்த இரண்டு பிரெக்கட்டில்தான் உட்காரும். "அதுக்கு ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கணும்" என்றார் சூசைரட்ணம். "அதோட உள்ள இருக்கிற ரப்பர் கட்டையத் தொடவே கூடாது. சக்கரம் குழியில விழுந்து மேல ஏறுறப்ப அதுலதான் வந்து முட்டும். அது இல்லன்னா அடி நேரா பிரெக்கட்டுக்குப் போயிரும்."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அண்ணனும் தம்பியும் எங்கள் காம்பராவில் சோற்றுக்கு உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாது. வீரய்யா தட்டில் சோற்றைக் குவித்துச் செசி என்பான், கருவாட்டை நிறுத்தி ஷொக் என்பான். அந்தக் காரின் முன்காலைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு என் சொந்தக் காலைப் பற்றித் தெரியாது.

ஏப்ரலில் நுவரெலியாவில் நடக்கிற மலையேற்றக் கார்ப் பந்தயத்தில் ஓடவேண்டும் என்று தொரைக்கு ஆசை. ஹட்டன்காரர் மாட்டேன் என்றதை நான் செய்கிறேன் என்று வீரய்யா நின்றான். தொரை அவன் தோளில் தட்டினார். அது போதாதா? இஸ்டோர் பட்டறையிலேயே வேலை நடந்தது. கண்டியிலிருந்து தடித்த கீழ்க்கையும் வந்தது. கழித்துப் போட்ட ரோலரின் தகட்டை அறுத்து, காய்ச்சி, வளைத்துப் பிரெக்கட் செய்தான். அந்தத் தகட்டின் கனத்தைப் பார்த்தபோது எனக்கே தைரியம் வந்தது. முட்டு ஏன் கொடுக்கவில்லை என்று அண்ணன் கேட்டதற்கு, "இந்த தடிப்புக்கு முட்டுக் குடுத்தா இரும்புக்கே அவமானம்ணே" என்றான். ரப்பர் கட்டைக்கு இடம் போதவில்லை. அதை வெட்டி எடுத்துவிட்டான். செய்தி எப்படியோ ஹட்டனுக்குப் போய், ரப்பர் கட்டையை எங்கே வைத்தாய் என்று சூசைரட்ணம் பஸ் கண்டக்டரிடம் கேட்டு அனுப்பினார். "ரப்பரு பச்சப்புள்ள வாயில வைக்கிறது. எங்க வண்டி பால்குடி மறந்திருச்சின்னு சொல்லுங்க" என்று இவன் பதில் அனுப்பினான். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

சீசனுக்குத் தொரை பந்தயம் ஓடினார். இரண்டாவதாக வந்து வெள்ளிக் கிண்ணம் ஒன்று வாங்கினார். வெள்ளைக்கார மனுஷர்கள் எல்லோரும் குனிந்து காருக்கு அடியில் எட்டிப் பார்த்தார்களாம். தொரை எல்லோர் முன்னாலும் வீரய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குப் பிறகு அவன் அந்தக் கையை அதிகம் கழுவவில்லை என்று அம்மாக்கண்ணு சொல்லிச் சிரித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பிள்ளை அல்லவா?

பந்தயப் பாதை வேறு, எங்கள் பாதை வேறு. தென்மேல் மழை தொடங்கிக் குழிகள் பெருத்ததும் கார் பேச ஆரம்பித்தது. பெரிய குழியில் விழுந்தால் முன்னாலிருந்து 'டக்' என்று ஒரு சத்தம். கல்லால் தகரத்தில் போட்டது போல இருக்கும். ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்கிற மணிக்கட்டில் வந்து அடிக்கிறது என்றார் என் புருஷன். நாங்கள் மலையில் கொழுந்து எடுக்கும்போது கார் கீழ் வளைவைக் கடந்தால் எங்களுக்கே கேட்கும். டக், டக். பக்கத்து நிரையில் நிற்கிறவள், "இந்தா, ஒன் வீட்டுக்காரரு கதவத் தட்டுறாரு" என்று கேலி செய்வாள். கார் மறைகிற வரைக்கும் நான் எட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பேன்.

வீரய்யாவிடம் நேராகவே கேட்டேன்.

"தம்பி, அந்த ரப்பர் கட்டையத் திரும்ப வச்சிரேன்."

"மதினி, எந்தக் கொழுந்த எடுக்கிறது, எத விடுறதுன்னு நான் ஒங்களுக்குச் சொல்லித் தாறேனா?"

"போறது ஒங்க அண்ணன்டா."

"அதனாலதான் நானே என் கையால செஞ்சேன்" என்றான். முகத்தில் சிரிப்பு இல்லை. அவன் மனதார நம்பினான். என்னால் அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை.

புருஷனிடமும் மன்றாடினேன். வண்டி சரியில்லை, எடுக்க மாட்டேன் என்று தொரையிடம் சொல்லுங்கள் என்றேன். "தம்பி செஞ்சது" என்றார். அவருடைய அகராதியில் அந்த இரண்டு சொல்லுக்கு மேல் பேச்சில்லை. தம்பியைக் குறை சொல்வதைவிட அந்தக் காரில் உட்காருவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அந்தப் பாசத்தின் மேல் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

ஆயுதபூசை வந்தது. எங்கள் இஸ்டோருக்குப் பக்கத்தில், ரோதை என்கிற பெரிய சக்கரம் இருக்கிற சுவரை ஒட்டி ரோதைமுனி இருக்கிறார். மிஷினுக்கெல்லாம் அவர்தான் காவல். அவரை மறந்தால் ரத்தம் கேட்பார் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. அதனால் வருஷா வருஷம் மிஷின்களைக் கழுவி, வெள்ளிப் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, மாலை போட்டு, சேவல் அறுத்து ரோதையில் ரத்தம் தடவுவோம். அந்த வருஷம் காரும் முனி முன்னால் வர வேண்டும் என்று வீரய்யா சொல்லிவிட்டான். அவன் வாய் திறந்து சொல்லவில்லையே தவிர, அந்தச் சத்தம் அவனையும் அரித்துக்கொண்டுதான் இருந்தது. சக்கரத்தைக் கழற்றி, முன்கால் முழுவதையும் தேய்த்துக் கழுவி, பிரெக்கட், செசி, ஸ்பிரிங் என்று பார்க்காமல் கனமாக வெள்ளிப் பெயிண்ட் பூசினான். புதுக் கொலுசு போட்டது போல இருந்தது. சக்கரத்துக்கு ஓர் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். சேவலையும் கொடுத்தார்கள்.

மறுநாள் என் புருஷன் காரை எடுத்துக்கொண்டு போனார். நான் மலையில் கையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். கீழ் வளைவில் கார் போவது தெரிந்தது. சத்தம் இல்லை. திரும்பி வரும்போதும் சத்தம் இல்லை. லயமே கூடிவிட்டது. முனி ஏற்றுக்கொண்டார் என்றார்கள். வீரய்யா கண்ணில் தண்ணீரோடு போய் ரோதைமுனி காலடியில் விழுந்தான். நானும் விழுந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிற்பாடு சூசைரட்ணம் அதை எனக்கு விளங்கப்படுத்தினார். இரும்பு விறைப்பாக இருக்கிற வரைக்கும் அடித்தால் சத்தம் போடும். உள்ளே வெடிப்பு ஓடிவிட்டால் அடிக்கு அடி வளைந்து கொடுக்கும். வளைகிற இரும்பு சத்தம் போடாது. பூசைக்கு முன்னாலேயே வெடிப்பு மயிரிழையாக இருந்திருக்கும் என்றார். துருப்பிடித்த கோடாகவாவது கண்ணில் பட்டிருக்கும். அதன் மேல்தான் எங்கள் பிள்ளை பெயிண்ட் அடித்தான். அந்தச் சத்தம் இருந்த வரைக்கும் எங்களுக்குக் காவலாக இருந்திருக்கிறது. அது நின்றதற்குத்தான் நாங்கள் சேவல் அறுத்த கையால் கும்பிடு போட்டோம்.

ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு பகல். தொரை கொழும்பிலிருந்து வருகிறார், நானுஓயா ஸ்டேஷனுக்குக் கார் போக வேண்டும். என் புருஷன் சாப்பிட்டுவிட்டு, போய்வருகிறேன் என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார். அவர் காரை எடுத்துப் போன சிறிது நேரத்தில் வீரய்யா ஏதோ எண்ணெய் டின் எடுக்கக் கார் கொட்டகைக்குப் போயிருக்கிறான். அம்மாக்கண்ணு தேத்தண்ணி கொண்டுபோயிருந்தாள். அவள் சொல்லித்தான் இது தெரியும். கார் நின்ற இடத்தில், சிமெந்துத் தரையில், மீன் செதில் போல வெள்ளிப் பெயிண்ட் பொருக்கு உதிர்ந்து கிடந்தது. வலது சக்கரம் நிற்கிற பக்கம் மட்டும். அவன் குனிந்து ஒரு பொருக்கை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தானாம். புதுப் பெயிண்ட் தானாக உதிராது. அடியில் இரும்பு அசைந்தால்தான் உதிரும்.

"ஒரு பக்கந்தான். அந்தத் துண்டு இரும்புதான் மோசம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஓடினான்.

பாதை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கும். கால்நடையாகத் தேயிலைக்குள் விழுந்து நேரே இறங்கினால் காருக்கு முந்தியே கீழ் வளைவுக்குப் போய்விடலாம். பகல் சாப்பாடு முடிந்து நாங்கள் அங்கேதான் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தோம். செடியை முறித்துக்கொண்டு, தண்ணீர்க் கானில் விழுந்து எழுந்து, முழங்கால் எல்லாம் சேறாக அவன் எங்களைத் தாண்டி இறங்கினான். கங்காணி கத்தினார். என்னைப் பார்த்தும் அவன் நிற்கவில்லை. எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூடையைக் கழற்றி வீசிவிட்டு அவன் பின்னால் ஓடினேன். அவர் இருக்க வேண்டும், அவர் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எந்தச் சாமி பெயரும் என் வாயில் வரவில்லை.

மேலேயிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது. கார் வளைவுக்கு வருகிறது. வீரய்யா பாதையில் குதித்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நிற்கிறான். நடுப்பாதையில் இல்லை, பாறைப் பக்கம், காருக்கு இடது கைப் பக்கம். காரின் வலது முன்கால்தான் முறியும், முறிந்தால் கார் வலது பக்கம்தான் இழுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறான். என் புருஷன் தம்பியைக் கண்டதும் பிரேக்கை மிதித்தார். மிதித்தால் காரின் கனம் அத்தனையும் முன்காலில் போய் விழும். அந்த இரும்புக்குத் தாங்க முடியாதது அது ஒன்றுதான். கார் இடது பக்கம் முகம் குப்புற விழுந்து, பாறையை நோக்கித் திரும்பியது. வீரய்யாவுக்கு ஒதுங்க இடம் இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது என் புருஷன் நெற்றியில் ரத்தத்தோடு பாதையில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருக்கிறார், உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் முதலில் எனக்குத் தெரிந்தது. பிறகுதான் அவர் மடியில் இருந்த தலையைப் பார்த்தேன். காருக்கும் பாறைக்கும் நடுவிலிருந்து அவனை அவரே தனியாக இழுத்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே பார்க்க முடியவில்லை. வீரய்யாவுக்கு நினைவு இருந்தது.

"அண்ணே, ஒனக்கு ஒண்ணுமில்லையே?"

"இல்லடா. பேசாத."

"எந்தப் பக்கம் முறிஞ்சுச்சு?"

என் புருஷன் அவன் முகத்தைத் துடைத்தார். அவன் விடவில்லை. அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எந்தப் பக்கம்ணே?"

"இடது பக்கம்டா தம்பி. இடது பக்கம்."

வீரய்யா சட்டையை விட்டான். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் இரும்பின் மேல் பழி போட்டிருக்கலாம். வலது பக்கத்தில் பெயிண்ட் உதிர்ந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான்.

"அப்ப ரெண்டுமேதான்" என்றான். அதுதான் அவன் கடைசிப் பேச்சு.

மேலே தேயிலைக்குள் அம்மாக்கண்ணு இறங்கி வந்துகொண்டிருந்தாள். கொழுந்து எடுத்துப் பழக்கமில்லாதவள். செடியைப் பிடித்துப் பிடித்து மெதுவாகத்தான் வந்தாள். கார் நிற்பதையும் என் புருஷன் உட்கார்ந்திருப்பதையும் அங்கிருந்து பார்த்திருக்க வேண்டும். "அக்கா, பெரியத்தான் நல்லா இருக்காங்களா?" என்று கத்திக் கேட்டாள். என் கழுத்தில் தாலி இருந்தது. நான் அவளை நோக்கி மேலே ஏறினேன்.